நீர்க் குளிர்விப்பானும் திரும்பு நீர் வெப்பநிலையும்

நீர்க் குளிர்விப்பான் அல்லது சில்லர் என்பது நீரைக் குளிர்வித்து, குழாய்கள் வழியே கட்டடங்களுக்கோ தொழிற்சாலைகளுக்கோ அனுப்பும் இயந்திரமாகும். அங்குள்ள வெப்பத்தை ஏற்று மீண்டும் இயந்திரத்துக்கு வரும் நீர் திரும்பு நீர் எனப்படும். குளிரூட்டும் அமைப்புகளில் பொதுவாக நீர் 7 பாகை செல்சியசில் வெளியேறி 12 பாகையில் திரும்பும் வகையில் வடிவமைக்கப்படுகிறது.

வெப்பக் கணக்கு

நீரோட்ட அளவையும் இரு வெப்பநிலைகளின் வேறுபாட்டையும் பொறுத்தே குளிர்விப்புச் சுமை அமைகிறது. 100 டன் திறனுள்ள சில்லர் சுமார் 352 கிலோவாட் வெப்பத்தை அகற்றும். வேறுபாடு 5 பாகையானால் வினாடிக்கு ஏறத்தாழ 16.8 லிட்டர் நீர் ஓடவேண்டும்.

வெப்பநிலை உயரும்போது

திரும்பு நீர் சூடாக வந்தால் ஆவியாக்கியில் குளிர்பதனப் பொருள் விரைந்து கொதிக்கிறது. அங்கு அழுத்தம் உயர்கிறது. விரிவு வால்வு கூடுதலாகத் திறக்கிறது. கட்டுப்பாட்டுக் கருவி கம்ப்ரசரின் சுமையைக் கூட்டுவதால் மின்னோட்டமும் உயர்கிறது. முழுத்திறனையும் எட்டிய பின் வெளியேறும் நீரின் வெப்பநிலை உயரத் தொடங்கும். விடுமுறைக்குப் பின் இயக்கும்போது நீர் மிகவும் சூடாக இருக்குமாதலால், மோட்டாரைக் காக்க மின்னோட்ட வரம்பு வைக்கப்படுகிறது.

வெப்பநிலை குறையும்போது

கம்ப்ரசர் தன் சுமையைக் குறைக்கிறது. குறைந்தபட்ச அளவுக்கும் கீழே போனால் இயந்திரம் நின்று நின்று ஓடும். இது மோட்டாருக்குக் கேடு. மையவிலக்கு வகையில் வாயு பின்னோக்கிப் பாயும் அதிர்வு ஏற்படலாம். ஆவியாக்கியில் நீர் உறைந்தால் குழாய்கள் வெடிக்கும் என்பதால் உறைவுக் காப்பு இயந்திரத்தை நிறுத்திவிடும். குழாய் அமைப்பில் நீரின் அளவு சிறிதாயின், இருப்புத் தொட்டி சேர்ப்பது இதற்குத் தீர்வாகும்.

சில இயந்திரங்கள் திரும்பு நீரையே அளந்து இயங்குகின்றன. அதை 12 பாகையில் நிறுத்தினால், நீரோட்டம் மாறாத நிலையில், அரைச் சுமையின்போது வெளியேறும் நீர் 9.5 பாகையாக இருக்கும். இது பழுதன்று, கட்டுப்பாட்டு முறையின் இயல்பு.

குறை வேறுபாட்டுச் சிக்கல்

அழுக்கடைந்த சுருள்களாலும், குளிர்நீரை நேராகத் திருப்பிவிடும் மூவழி வால்வுகளாலும் நீர் போதிய வெப்பம் ஏற்காமல் திரும்புகிறது. அப்போது ஒரு சில்லர் செய்யவேண்டிய வேலைக்கு இரண்டை ஓட்ட நேர்கிறது. பம்புகளின் மின்செலவும் கூடுகிறது. சுருள்களைத் தூய்மை செய்வதும், இருவழி வால்வுகளைப் பொருத்தி நீரோட்டத்தைச் சுமைக்கேற்ப மாற்றுவதும் இதற்கான வழிகள்.

மலைப்பகுதிகளில்

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயரமுடையது. இத்தகைய உயரத்தில் காற்றின் வெப்பநிலை சமவெளியைவிடக் குறைவு. கட்டடத்தின் வெப்பச் சுமையும் குறைவதால் திரும்பு நீர் அதிகம் சூடாகாமல் வரும். குளிர்ந்த காற்று கண்டென்சருக்கு நன்மை தரும். ஆனால் 1,200 மீட்டர் உயரத்தில் வளியழுத்தம் கடல்மட்டத்தைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. காற்று அடர்த்தி குறைந்திருப்பதால் அதே விசிறி குறைந்த வெப்பத்தையே கடத்தும். எனவே சமவெளிக்கான அட்டவணையை அப்படியே கொள்ளாமல் உயரத் திருத்தம் செய்யவேண்டும். குறைசுமையிலேயே பெரும்பாலும் ஓடும் இடங்களுக்கு ஒரு பெரிய இயந்திரத்தைவிட இரு சிறிய இயந்திரங்கள் ஏற்றவை.