வாத்துக்கு வயலில் இடம் கொடுத்த ஜப்பான் விவசாயிகள்

வயலில் பறவைக் கூட்டம் இறங்கினால் விவசாயிக்கு வயிறு எரியும். தகரத்தைத் தட்டுவதும் கவண் கல் விடுவதும் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் ஜப்பான் நாட்டின் வடகிழக்கில் சில கிராமத்தார், அறுவடை முடிந்த வயலில் பறவைகளுக்காகவே தண்ணீர் கட்டி வைக்கிறார்கள். இது தர்மத்துக்காக மட்டும் செய்யும் காரியம் அல்ல. இதில் விவசாயக் கணக்கும் இருக்கிறது.

மியாகி மாநிலத்தில் ஒசாகி நகரைச் சேர்ந்த சதுப்பு ஏரி கபுகுரி. இலையுதிர் காலத்தில், அதாவது நமது புரட்டாசி, ஐப்பசி மாதங்களில், ரஷ்யாவின் வட கோடியிலிருந்து வெண்ணெற்றிக் காட்டு வாத்துகள் இங்கே வந்து சேரும். பறவை பார்க்க வெளிநாட்டார் பலரும் அப்போது வருகிறார்கள். பொழுது விடியுமுன்பே கரைக்குப் போய்ச் சத்தமின்றி நிற்க வேண்டும். வெளுக்கும் நேரத்தில் பல்லாயிரம் வாத்துகள் ஒரே மூச்சில் எழும்பி, இரை தேடி வயல்களுக்குப் பறக்கும். மாலையில் வரிசை வரிசையாக ஏரிக்குத் திரும்பும். நரி முதலிய பகை அண்டாதபடி ஆழமில்லாத நீரில் நின்று உறங்குவது அவற்றின் வழக்கம்.

வாத்துகள் குறைந்த காரணம்

முன்பு ஜப்பானில் பல இடங்களில் இந்த வாத்துகள் தங்கின. சதுப்பு நிலங்களை வடித்து வயலாக்கியதாலும், வேட்டையாலும் அவை அருகிப் போயின. 1971-ல் அவற்றை வேட்டையாடத் தடை வந்தது. எண்ணிக்கை மெல்லப் பெருகியது. ஆனால் தங்கும் ஏரிகள் சிலவே மிஞ்சியிருந்தன. எல்லாம் ஒரே ஏரியில் நெருங்கினால் எச்சத்தால் நீர் கெடும். நோய் கண்டால் மொத்தக் கூட்டத்துக்கும் ஆபத்து.

விவசாயிகளுக்கோ வேறு அச்சம். வாத்துகள் பெரும்பாலும் சிந்திய நெல்லைத்தான் பொறுக்குகின்றன. என்றாலும் அறுவடை பிந்திய வயலிலும், உலர வைத்த கதிரிலும் வாய் வைத்து விடும். ஏரியைப் பாதுகாத்தால் வாத்து பெருகும், நஷ்டமும் பெருகும் என்று அவர்கள் எதிர்த்தார்கள். அது நியாயமான எதிர்ப்பு. இதை உணர்ந்த உள்ளூர் நிர்வாகம், பறவையால் ஏற்படும் பயிர்ச் சேதத்துக்கு ஈடு கொடுக்க விதி செய்தது. அதன் பிறகே பேச்சு முன்னேறியது.

தண்ணீர் கட்டும் முறை

1990-களின் பிற்பகுதியில் இங்கே சோதனை தொடங்கியது. வழக்கமாகக் குளிர்காலத்தில் ஜப்பான் வயல்கள் காய்ந்து கிடக்கும். புது முறையில், அறுவடைக்குப் பின் வரப்பைப் பலப்படுத்தி, மடையை அடைத்து, சில அங்குல உயரத்துக்கு நீர் நிறுத்துகிறார்கள். தவிடு போடுவதும் உண்டு. வாத்துகள் பல வயல்களில் பரவித் தங்குகின்றன. ஏரியில் நெருக்கடி குறைகிறது.

வயலுக்கு என்ன நன்மை? வாத்தின் எச்சம் மணிச்சத்து முதலியவற்றைச் சேர்க்கிறது. நீர் நின்ற சேற்றில் நூல் போன்ற சிவப்புப் புழுக்கள் ஏராளமாகப் பெருகும். இவை அடி மண்ணைத் தின்று, நைஸான சேறாக மேலே தள்ளும். அந்தச் சேறு களை விதைகளின் மேல் படிந்து மூடுவதால் பல களைகள் முளைப்பதில்லை. களைக்கொல்லியும் ரசாயன உரமும் இல்லாமல் சாகுபடி செய்ய இது கை கொடுக்கிறது. இந்த அரிசியை வாத்துகளின் பெயரைச் சொல்லியே கூடுதல் விலைக்கு விற்கிறார்கள்.

சிரமங்களும் உண்டு. ரசாயனம் இல்லாத வயலில் மகசூல் குறையலாம். எல்லாக் களையும் அடங்கி விடாது. நீர் பக்கத்து வயலுக்குக் கசிந்தால் சண்டை வரும். குளிர்காலத்தில் வாய்க்காலில் நீர் விட அனுமதி தேவை. சேறு இளகினால் டிராக்டர் புதையும். ஆகவே தனி ஒருவர் செய்வதைவிட, அண்டை வயல்காரர்கள் சேர்ந்து செய்வதே நடைமுறைக்கு ஏற்றது.

2005-ல் கபுகுரி ஏரி, ராம்சார் ஒப்பந்தப்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலமாக அறிவிக்கப்பட்டது. மொத்தம் 423 ஹெக்டேர். இதில் பாதிக்கு மேல், சுற்றியுள்ள நெல் வயல்கள்! நெல் வயலும் பறவைக்கு வீடுதான் என்பதை உலகம் ஒப்புக்கொண்டது.

நமக்குப் பாடம்

நம் நாட்டில் இது புதிது அல்ல. வேடந்தாங்கல் ஏரியில் பறவை எச்சம் கரைந்த நீர் பயிருக்கு உரம் என்று அறிந்துதான், சுற்று வட்டார விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வந்திருக்கிறார்கள். ஜப்பான் முறையை அப்படியே நம் வயலில் செய்ய முடியாது. அங்கே குளிரில் நிலம் சும்மா கிடக்கிறது; நமக்கோ அடுத்த பயிரும் தண்ணீர்த் தட்டுப்பாடும் உண்டு. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: பறவையைக் காக்கச் சொல்கிறவர்கள், முதலில் விவசாயியின் நஷ்டத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த நியாயம் கிடைத்தால், வரப்பில் தகரம் தட்டிய கையே மடையைத் திறந்து விடும்.