உப்பேறும் கிணறுகளும் 1987-ஆம் வருஷத்துச் சட்டமும்

எண்ணூருக்கு அடுத்த மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடியில், ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பூர்வத்தில் படியவைத்த மணற்படுகைகள் உள. சென்னை நகரத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் வேண்டிய ஜலம் குழாய்க்கிணறுகளால் இப்படுகைகளினின்று மிகுதியாய் இறைக்கப்பட்டது. 1969-இல் மீஞ்சூரருகே கடல்நீர் உட்புகுந்தமை கண்டறியப்பட்டது; பின்னர் அது உள்நாட்டில் சில மைல் பரவிற்று.

இதன் காரணம் யாதெனில், நன்னீர் உவர்நீரினும் இலேசானது. கடலோரப் படுகையில் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின், அம்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரையில் நன்னீரே இருக்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழே 40 அடியை இழப்போம். கிணற்றை மேன்மேலும் ஆழப்படுத்துவோர் இதனைக் கருதுவதில்லை. அவர்கள் தேடிச் செல்வது உப்பையே.

1987-ஆம் வருஷத்துச் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டப்படி, அட்டவணையிற் கண்ட கிராமங்களில் புதுக்கிணறு தோண்ட அனுமதியும், நீரை வண்டியிலேற்றிக் கொண்டுபோக உரிமமும் பெறல்வேண்டும். கிராம அதிகாரிகள் முதலிற் கவனிக்கத்தக்கவை லாரிகளே. வயலுக்குப் பாய்ச்சிய நீரில் ஒரு பகுதியேனும் திரும்ப ஊறும். லாரியில் ஏறியது அப்படுகைக்குத் திரும்பாது.

உவர்ப்புத் தென்பட்ட கிணற்றுநீரைப் பரிசோதனை நிலையத்தில் சோதித்தறிந்த பின்னரே நாற்றங்காலுக்குப் பாய்ச்சுக. இளநாற்று உப்பைத் தாங்காது.