கண் மங்கிய நெசவாளருக்கு என்ன வழி?

குழித்தறியில் நெய்பவருக்குப் பணி ஓய்வு நாள் என்று ஒன்று கிடையாது. காஞ்சிபுரம், ஆரணி வட்டாரக் கிராமங்களில் முதலில் கைவிடுவது கண். பாவில் ஓர் இழை அறுந்தால் முனையைத் தேடிப் பிடித்து முடிச்சிடவே நேரம் போய்விடும். அடுத்து முழங்கால், குழிக்குள் இறங்கி மிதிப்பதே பெரும்பாடு. பத்து நாளில் நெய்து அறுத்த புடவை இருபது நாள் இழுத்தால், கூலி புடவைக் கணக்கு என்பதால் வருமானம் பாதியாகிவிடும். ஊர் பார்வைக்கு அவர் இன்னும் தறியில்தான் இருக்கிறார்.

அரசுத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2015இல் வந்த அடல் ஓய்வூதியத் திட்டம், 2019இல் வந்த ஷ்ரம் யோகி மான்தன் இரண்டிலும் சேர வயது வரம்பு 40. மான்தனில் மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை கட்டிவந்தால், 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய். அறிவித்த அன்றே ஐம்பதைத் தொட்டிருந்த நெசவாளருக்கு இதனால் ஒரு காசு பயனில்லை. 2023இன் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் கைத்தறி நெசவு சேர்க்கப்படவில்லை. சேர்த்திருந்தாலும் அது தருவது பயிற்சியும் கருவியும் கடனும்தான். அறுபதைக் கடந்தவருக்குக் கடன் எப்படிப் பாதுகாப்பாகும்?

மிஞ்சுவது தமிழக முதியோர் ஓய்வூதியம். 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. 60 முதல் 79 வயது வரையுள்ளவருக்கு இதில் ஒன்றிய அரசு தரும் பங்கு வெறும் 200 ரூபாய். பல ஆண்டுகளாக அது உயரவே இல்லை. மொத்த ஓய்வூதியமும் மருந்துக் கடைக்கே போதாது.

கூட்டுறவுச் சங்க உறுப்பினருக்குச் சேமிப்புத் திட்டம் உண்டு: கூலியில் ஒரு பங்கைப் பிடித்து, அரசும் தன் பங்கைச் சேர்க்கும். தனியார் முதலாளியிடம் கூலிக்கு நெய்பவருக்கு அந்த வழியும் இல்லை. அவரிடம் வாங்கிய முன்பணக் கடன் தீராமல் தறியை விட்டு எழவும் முடியாது.

பெண்கள் நிலை இன்னும் மோசம். 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்புப்படி நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள், பெரும்பாலோர் பெண்கள். ஆனால், காலமெல்லாம் ஊடை நூலுக்குத் தார் சுற்றிக் கொடுத்த மனைவியின் உழைப்பு, பல வீடுகளில் கணவரின் கூலிக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. தொழிலாளி என்பதற்கு அவர் பெயரில் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

இன்னும் திறந்திருக்கும் ஒரு வழி, கைத்தறித் தொழிலாளர் நல வாரியம். அதில் 60 வயதுக்குள் பதிந்திருந்தால்தான் அதன் ஓய்வூதியம் கிடைக்கும். ஐம்பதுகளில் இருப்பவர்கள் இப்போதே பதிய வேண்டும். தார் சுற்றும் பெண்களும் தம் பெயரிலேயே தனியாகப் பதிய வேண்டும்.