கடலுக்கடியில் மூச்சை அடக்காதே



சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டத்து அம்மா ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவருடைய மகன் என்னிடம் படித்தவன். இப்போது மெர்சிங்கில் ஒரு படகில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். "சார், ஆளுங்களக் கடலுக்கு அடியில எறக்குற படகாம். நாலு நாளைக்குக் கரைக்கே வராதாம். காசு கொடுத்துப் போறாங்களாம். இவனும் அடியில எறங்கப் படிக்கப் போறானாம். விடலாமா, சார்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அந்தப் படகைப் பற்றிப் பார்ப்போம். நம் ஜோகூர் மாநிலத்தின் கிழக்குக் கரையில் இருப்பது மெர்சிங். அதற்கு எதிரே ராவா, சிபு, திங்கி, பெமாங்கில், அவுர் எனப் பல தீவுகள் உள்ளன. 1994ஆம் ஆண்டு இத்தீவுகளைச் சுற்றியுள்ள கடல் பாதுகாக்கப்பட்ட கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே பவளப் பாறைகள் வளர்கின்றன. பவளம் பார்வைக்குக் கல்லைப் போலிருக்கும். உண்மையில் அது கோடிக்கணக்கான சின்னஞ்சிறு உயிர்கள் கூடிக் கட்டிய வீடு. அந்த வீட்டை நம்பியே வண்ண வண்ண மீன்களும் ஆமைகளும் வாழ்கின்றன. இவற்றைக் காணவே வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டவர்களும் வருகிறார்கள்.

அவுர் தீவு மெர்சிங்கிலிருந்து 60 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. காலையில் போய் மாலையில் திரும்புவது என்றால் பாதி நாள் பயணத்திலேயே கழிந்துவிடும். ஆகவே படகிலேயே தங்குகிறார்கள். சமையல், படுக்கை, சிலிண்டரில் காற்று நிரப்பும் இயந்திரம் எல்லாம் படகிலேயே உண்டு. ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை இறங்குவார்கள். இரவில் கைவிளக்கோடு இறங்குவதும் உண்டு. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போன நம் பெரியவர்களுக்கு அது புதுமையாக இராது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும்; அப்போது இந்தப் பயணங்கள் நின்றுவிடும்.

சரி, தண்ணீருக்கடியில் மனிதன் எப்படி மூச்சு விடுகிறான்?

கடலில் மூழ்குவது தமிழருக்குப் புதிதல்ல. தூத்துக்குடிக் கடலில் முத்தும் சங்கும் எடுத்தவர்கள், கல்லின் பாரத்தைத் துணையாகக் கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு மூழ்கினார்கள். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. தன் அக்காள் தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்பதை அவன் மறக்கமாட்டான் அல்லவா?

1943ஆம் ஆண்டு பிரான்சில் கூஸ்தோ, காஞான் என்ற இருவர் ஒரு புதிய கருவியை உருவாக்கினார்கள். முதுகில் காற்று நிரப்பிய சிலிண்டர். வாயில் ஒரு குழாய். மூச்சை இழுத்தால் காற்று வரும், இழுக்காவிட்டால் நின்றுவிடும். பன்னிரண்டு லிட்டர் தண்ணீர் பிடிக்கக்கூடிய சிலிண்டரில் இன்று ஏறத்தாழ 2,400 லிட்டர் காற்றை அழுத்தி அடைக்கிறார்கள். அதில் இருப்பது வெறும் பிராணவாயு அல்ல. நாம் சுவாசிக்கும் அதே காற்றுதான்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. அந்தக் காலத்தில் மூழ்கியவர் மூச்சை அடக்கினார். சிலிண்டரோடு மூழ்குபவர் மூச்சை அடக்கவே கூடாது. ஏன்?

கடலில் 10 மீட்டர் இறங்கினால் நம்மீதுள்ள அழுத்தம் இரண்டு மடங்காகிறது. 20 மீட்டரில் மூன்று மடங்கு; 30 மீட்டரில் நான்கு மடங்கு. கரையில் மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கியவரின் நெஞ்சிலுள்ள காற்று 10 மீட்டரில் பாதியாகச் சுருங்கும். மேலே வந்ததும் பழைய அளவுக்கு வரும், அவ்வளவுதான். ஆனால் சிலிண்டர்க்காரர் அந்த 10 மீட்டர் ஆழத்திலேயே நெஞ்சு நிறையக் காற்றை வாங்குகிறார். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியும். அளவுக்கு மீறி ஊதிய பலூன் என்ன ஆகும்? நுரையீரலும் அப்படியே கிழியும். இதற்கு இரண்டு மீட்டர் ஆழமே போதும். பயந்தவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வான். பயிற்சி பெற்றவன் மூச்சை விட்டுக்கொண்டே நிதானமாக ஏறுவான்.

அடுத்த ஆபத்து, அவசரம். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆழத்தில் இருக்கும்போது அது இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. சோடா புட்டியை மெதுவாகத் திறந்தால் ஒன்றுமில்லை. சட்டென்று திறந்தால் நுரை பொங்குகிறது அல்லவா? விரைந்து மேலே வருபவரின் உடம்பிலும் அப்படியே குமிழிகள் உண்டாகும். மூட்டு வலிக்கும், கைகால் செயலிழக்கலாம், உயிரும் போகலாம். இதற்காகவே நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறுவதில்லை. 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று வருவார்கள். ஒருமுறை இறங்கியதும் ஓய்வெடுத்தே மறுமுறை இறங்குவார்கள். இந்நோய் கண்டவரை அழுத்த அறையில் வைத்துத்தான் குணப்படுத்த வேண்டும். அத்தகைய அறை மூலைக்கு மூலை இருப்பதில்லை. நடுக்கடலில் இருக்கும் படகுக்கு அது வெகுதூரம்.

மூன்றாவது, துணை. யாரும் தனியே இறங்கக்கூடாது. எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை பேர் ஏறினார்கள் என்று படகில் எண்ண வேண்டும். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், மெர்சிங்கை அடுத்த தோக்கோங் சங்கோல் தீவருகே மூழ்கிய நால்வர் மேலே வந்தபோது படகைக் காணவில்லை. கடல் நீரோட்டம் அவர்களை அடித்துச் சென்றது. மூவர் உயிரோடு மீட்கப்பட்டனர். அவர்களோடு சென்ற சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். கடல் அழகானதுதான், ஆனால் அது யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "பையனுக்கு நீந்தத் தெரியுமா?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆற்றங்கரைப் பக்கமே போகக்கூடாது என்று நாம் பிள்ளைகளைத் தடுத்தே வளர்க்கிறோம். நம் அச்சம் நியாயமானதுதான். ஆனால் தடுத்தது போதும், இனிக் கற்றுக்கொடுக்க வேண்டும். மூழ்கும் பயிற்சியின் தொடக்கத்திலேயே 200 மீட்டர் நீந்தவும், பத்து நிமிடம் மிதக்கவும் சொல்வார்கள். ஆஸ்துமா, இருதய நோய், காது நோய் இருந்தால் முதலில் மருத்துவரைக் காண வேண்டும். சளி பிடித்திருந்தால் இறங்கவே கூடாது. கேமரன் மலைக்குப் பேருந்தில் ஏறும்போது காது அடைக்கிறதே, கடலுக்குள் அது பல மடங்காகும்.

மறுவாரம் அந்தப் பையனே வந்தான். "சார், நீச்சலுக்குப் பேர் கொடுத்திட்டேன். முடிச்சிட்டுத்தான் அடியில எறங்குவேன்" என்றான். "இப்போது படகில் உனக்கு என்ன வேலை?" என்று கேட்டேன். "தலை எண்ணுறது, சார். நம்ம தோட்டத்துல காலையில பெரட்டுல எண்ணுவாங்களே, அந்த மாதிரி. எறங்கினவங்க எல்லாரும் ஏறுற வரைக்கும் எஞ்சினத் தொட விடமாட்டேன்" என்றான்.

அன்று கயிற்றைப் பிடித்திருந்த மைத்துனனின் வேலையும் இதுதானே! அந்தத் தாயிடம் "விடலாம்" என்றேன்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் கடலைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளை இருக்கக்கூடும். இந்த ஆண்டே அதற்கு நீந்தக் கற்றுக்கொடுங்கள்.