புகை தெரியாவிட்டால் மாசு இல்லையா?

மலேசியாவில் 2025 ஜூலை 1 முதல் என்ஜிவி எனப்படும் இயற்கை எரிவாயு வாகனங்களுக்குச் சாலையில் அனுமதி இல்லை. பல வாகனங்களின் எரிவாயுக் கலன்கள் 15 ஆண்டு ஆயுளை எட்டியதே முக்கியக் காரணம். கலனைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலுக்குத் திரும்பியவர்கள், "எரிவாயுதானே சுத்தம்? இனி காற்று கெடாதா?" என்று கேட்பது நியாயமே.

இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். அதில் ஒரு கார்பனுக்கு நான்கு ஹைட்ரஜன். ஆகவே, அதே சக்திக்குப் பெட்ரோலைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே கரியமிலவாயு வெளியாகிறது. கரித்துகளும் குறைவு. புற்றுநோயை உண்டாக்கும் பென்சீன் பெட்ரோலிலேயே இருக்கிறது. எரிவாயுவில் அது மிக அரிது.

ஆனால், நைட்ரஜன் ஆக்சைடு எரிபொருளிலிருந்து வருவதல்ல. காற்றிலுள்ள நைட்ரஜன் என்ஜினின் கடும் வெப்பத்தில் அப்படி மாறுகிறது. எரிவாயு வாகனமும் இதற்கு விலக்கல்ல. எரியாமல் தப்பும் மீத்தேனோ, நூறாண்டுக் கணக்கில் கரியமிலவாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு பூமியைச் சூடாக்கும்.

கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடையும் அடக்குவது, புகைக்குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர்தான். அது கெட்டுப்போன எரிவாயுக் காரைவிட, நன்கு பராமரித்த பெட்ரோல் கார் இவற்றைக் குறைவாகவே வெளியிடக்கூடும்.

எனவே, பெட்ரோலுக்கு மாறியவர்கள் கன்வெர்ட்டரையும் ஆக்சிஜன் சென்சாரையும் பட்டறையில் சோதியுங்கள். செலவுக்கு அஞ்சி கன்வெர்ட்டரைக் கழற்றிவிடாதீர்கள். பள்ளி வாசலில் காத்திருக்கும்போது என்ஜினை நிறுத்திவிடுங்கள். அங்கே அந்தக் காற்றைச் சுவாசிப்பவர்கள் நம் பிள்ளைகளே!