இரண்டு கோல்ஃப், இரண்டு விதமான பிக்கப்

நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிடி எடுத்துக்கொள்வது 7.5 விநாடி. கோல்ஃப் ஜிடிஇ எடுத்துக்கொள்வது 7.6. முதலாவது டீசல், 2013-இல் வந்தது. அடுத்த ஆண்டு ஜெனீவா கண்காட்சியில் காட்டப்பட்ட இரண்டாவது, பிளக்-இன் ஹைபிரிட். பெட்ரோல் எஞ்சினும் உண்டு, மின் மோட்டாரும் உண்டு. வீட்டிலேயே வயரைச் சொருகிப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். இரண்டுமே ஏழாம் தலைமுறை கோல்ஃப். உடம்பு ஒன்றுதான், இரண்டிலும் இழுப்பது முன்சக்கரங்கள்தான். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான ஜோடி கிடைப்பது அபூர்வம்.

பத்தில் ஒரு விநாடிதானே என்று விளம்பரத் தாளை மடித்து வைத்துவிடக் கூடாது. அந்த ஏழரை விநாடியை இரண்டு கார்களும் செலவழிக்கிற விதம் வேறு வேறு.

டீசலை எடுத்துக்கொள்வோம். ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதிக்கிறோம். இந்த எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. இழுத்த காற்றை பிஸ்டன் நசுக்கும்போது அது கடுமையாகச் சூடேறும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். எவ்வளவு பீய்ச்சலாம் என்பதைச் சிலிண்டரில் இருக்கும் காற்றின் அளவுதான் தீர்மானிக்கிறது. காற்று பற்றாதபோது அதிகமாகப் பீய்ச்சினால் கரும்புகைதான் வரும். அதனால் நம் கால் என்ன கேட்டாலும், எஞ்சினின் கணினி காற்று வந்து சேரும்வரை டீசலை அளந்துதான் விடும். காற்றைத் திணிப்பது டர்போவின் வேலை. டர்போ சுழல வேண்டுமானால் எக்ஸாஸ்ட் வாயு வேகமாக அடிக்க வேண்டும். அதற்கு டீசல் நிறைய எரிந்திருக்க வேண்டும். கையில் பணம் இருப்பவனுக்குத்தான் பேங்கில் கடன் கிடைக்கும் என்கிற அதே கதை.

இந்த முடிச்சு அவிழ ஒரு கணம் பிடிக்கிறது. அவிழ்ந்துவிட்டாலோ, நிமிடத்துக்கு 1,750 சுழற்சியில் 380 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை மொத்தமாக வந்து நிற்கும். 3,250 வரை சளைக்காது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்று டீசல் பிரியர்கள் பெருமையாகச் சொல்வது இந்த இடத்தைத்தான். 4,000-ஐத் தாண்டினால் வேகம் தளரும், கியரை மாற்றியாக வேண்டும்.

ஜிடிஇயில் இந்தக் காத்திருப்பு இல்லை. அதன் மின் மோட்டார் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே, எஞ்சினுக்கு அடுத்தாற்போல உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தனியாக ஒரு கிளட்ச். அது திறந்திருந்தால் எஞ்சின் அணைந்து கிடக்க, கார் மோட்டாரில் மட்டும் ஓடும். முழுமிதி மிதித்தால் கிளட்ச் மூடி, எஞ்சினையும் உசுப்பிச் சேர்த்துக்கொள்ளும். மோட்டாருக்குக் காற்றும் வேண்டாம், டர்போவும் வேண்டாம்; மின்சாரம் பாய்ந்ததும் 330 நியூட்டன் மீட்டர் தயார். சிக்னலில் பச்சை விழுந்ததும் ஜிடிஇ சத்தமில்லாமல் முன்னே போய்விடுவது இதனால்தான்.

இங்கே ஒரு கணக்கு பலரைக் குழப்பும். ஜிடிஇயின் 1.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 150 குதிரைத்திறன், மோட்டார் 102. கூட்டினால் 252 வர வேண்டும். கம்பெனி சொல்வது 204. முறுக்குவிசையிலும் 250-ம் 330-ம் சேர்ந்து 350 ஆகத்தான் நிற்கிறது. கம்பெனி எதையும் மறைக்கவில்லை. மோட்டார் தன் முழுத் திறனைச் சுமார் 2,200 சுழற்சியிலேயே எட்டிவிடுகிறது. அதற்கு மேல் சுழற்சி ஏற ஏற முறுக்குவிசை இறங்கும். எஞ்சினோ 5,000-க்குப் பக்கத்தில்தான் உச்சத்துக்கு வரும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறது. தவிர, கியர்பாக்ஸ் தாங்கக்கூடிய முறுக்குக்கும் ஒரு வரம்பு உண்டு. மிஞ்சினால் பல்சக்கரங்கள் பதில் சொல்லும்.

அடுத்தது எடை. ஜிடிடி 1,377 கிலோ, ஜிடிஇ 1,524. கூடுதலான 147 கிலோவில் 120 கிலோ பேட்டரி மட்டும். 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஜிடிஇயின் இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 590 கிலோஜூல் வருகிறது, ஜிடிடிக்கு 530. பத்தில் ஒரு பங்கு அதிகமாக வேலை செய்தும் ஜிடிஇ அதே நேரத்தில் முடிக்கிறது என்றால், எடையில் இழந்ததில் பெரும்பகுதியைத் தொடக்கத்திலேயே மீட்டுவிடுகிறது என்று பொருள். இந்த ஆற்றல் முழுவதையும் பேட்டரியே கொடுத்தாலும், வீணாவதை விட்டுப் பார்த்தால், அதன் 8.7 கிலோவாட் மணியில் இரண்டு சதவீதம்கூடக் கரையாது. ஒருமுறை சீறிப் பாய்வதால் பேட்டரி காலியாகிவிடும் என்கிற பயம் வீண்.

நெடுஞ்சாலையில் கதை மாறுகிறது. 120-ஐத் தாண்டிவிட்டால் எதிரி காற்றுதான். அதைக் கிழிக்கத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியில் ஏறும், அதுவும் நிற்காமல் வேண்டும். அங்கே மோட்டாரின் முறுக்குவிசை ஏற்கெனவே இறங்கியிருக்கும். பேட்டரியும் வற்றிவிட்டால், கையிருப்பாக வைத்திருக்கும் கொஞ்சத்தை வைத்து அவ்வப்போது ஒரு தள்ளு தள்ளலாம், அவ்வளவுதான். நீண்ட ஏற்றத்தில் 150 குதிரைத்திறன் எஞ்சின் அந்த 120 கிலோவையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். ஜிடிடிக்கோ டேங்கில் டீசல் இருக்கும்வரை அதே 184 குதிரைத்திறன்தான். டர்போவும் அப்போது ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும், காத்திருக்க வேண்டியதில்லை. மியூனிக்கிலிருந்து ஹாம்பர்க்குக் கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர் ஓட்டச் சொன்னால் நான் டீசல் சாவியைத்தான் எடுப்பேன். தினமும் அலுவலகம் போய்வர என்றால் யோசிக்காமல் மற்றது.

எட்டாம் தலைமுறையில் ஃபோக்ஸ்வாகன் 2020-இல் ஜிடிஇக்கு 13 கிலோவாட் மணி பேட்டரியும் இன்னும் வலுவான மோட்டாரும் கொடுத்தது. மொத்தத் திறன் 245 குதிரைத்திறன் ஆனது, 100-ஐத் தொடும் நேரம் 6.7 விநாடிக்கு இறங்கியது. 200 குதிரைத்திறன் கொண்ட புதிய ஜிடிடிக்கு 7.1 விநாடி. ஆனால் ஜிடிஇயின் உச்ச வேகம் 225 கிலோமீட்டர். ஜிடிடி 245 வரை போகும்.