ஒரே ஒரு பனியனுக்கும் அச்சு

ஊர்த் திருவிழாக் கபடிப் போட்டிக்கு ஓர் அணி தயாராகிறது. களத்தில் 7 பேர், மாற்று ஆட்டக்காரர்கள் 5 பேர், ஆக 12 பனியன். நெஞ்சில் பல வண்ணத்தில் சிங்கமுகச் சின்னம் வேண்டும். முதுகில் அவரவர் பெயரும் எண்ணும் வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இந்த ஆர்டரோடு ஒரு பிரிண்டிங் பட்டறைக்குப் போயிருந்தால், "எத்தனை பீஸ்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்கும். 12 என்றதும் கட்டுப்படியாகாது என்று சொல்லியிருப்பார்கள்.

பட்டறைக்காரர் சொன்னதில் தப்பில்லை. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் வேண்டும். சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய வலைத்துணியில், ஒளி பட்டால் இறுகும் எமல்ஷனைப் பூசிக் காயவைக்க வேண்டும். படத்தின் பாசிட்டிவை அதன்மேல் வைத்து விளக்கொளி காட்டித் தண்ணீரில் கழுவினால் ஒரு ஸ்கிரீன் தயார். சிங்கமுகத்துக்கு 6 நிறம் என்றால் 6 ஸ்கிரீன். ஆறும் ஒன்றன்மேல் ஒன்று இம்மி பிசகாமல் உட்கார வேண்டும். பெயர்களுக்கு இன்னும் 12. இத்தனையும் முதல் பனியனில் மை படுவதற்கு முன்பே முடிந்தாக வேண்டிய வேலை. 2,000 பனியன் அடிக்கும்போது அந்தச் செலவு ஒவ்வொன்றின் தலையிலும் சொற்பமாகவே விழும். வெறும் 12 பனியனில் ஸ்கிரீன் கூலி பனியன் விலையையே தாண்டிவிடக்கூடும்.

இன்று அதே 12 பனியனை ஒரே நாளில் செய்து தருகிறார்கள். ஒன்றே ஒன்று போதும் என்றாலும் முகம் சுளிக்காமல் செய்து தருகிறார்கள். காரணம், இந்த முறையில் படத்தை நேரடியாகத் துணியில் அச்சிடுவதில்லை. முதலில் ஒரு பிளாஸ்டிக் ஃபிலிமில் அச்சிட்டு, பிறகு சூட்டாலும் அழுத்தத்தாலும் அதைத் துணிக்கு மாற்றுகிறார்கள். 'டைரக்ட் டு ஃபிலிம்' என்று பெயர். தொழிலில் எல்லோரும் சொல்வது டிடிஎஃப். 2020-க்குப் பிறகுதான் இது சின்னக் கடைகள்வரை பரவியது.

ஓரிடத்தில் அச்சிட்டு வேறோரிடத்துக்கு மாற்றுவது மிகப் பழைய யோசனை. லிவர்பூலில் ஜான் சாட்லர், கை கிரீன் என்ற இருவர் 1756 ஜூலை 27 அன்று, 6 மணி நேரத்தில் 1,200-க்கும் மேற்பட்ட பீங்கான் ஓடுகளில் இந்த முறையில் படம் பதித்துக் காட்டி, அதைச் சத்தியப் பிரமாணமாகவும் எழுதிவைத்தார்கள். ஓடு ஓடாகக் கையால் வரைந்துகொண்டிருந்த காலத்தில் அது பெரிய பாய்ச்சல்.

துணிக்கும் பல மாற்று முறைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. 1957-இல் பிரான்சின் நோயல் தெ பிளாஸ் கண்டறிந்த சப்ளிமேஷன் முறையில், காகிதத்தில் அச்சிட்ட சாயம் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில் உருகாமல் நேரே ஆவியாகி இழைக்குள் புகுந்துவிடும். தடவிப் பார்த்தால் அச்சு இருப்பதே விரலுக்குத் தெரியாது. அத்தனை நேர்த்தி இருந்தும் அது பாலியெஸ்டரில் மட்டுமே பிடிக்கும், வெளிர் நிறத் துணியில் மட்டுமே தெரியும். கறுப்புப் பருத்திப் பனியனுக்கு உதவாது. வினைல் ஒட்டும் முறைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு நிற ஷீட்டை இயந்திரக் கத்தியால் வெட்டி, வேண்டாத துண்டுகளைக் கொக்கியால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து, சூடு வைத்து ஒட்டுவார்கள். முதுகு எண்ணுக்கு அது பிரமாதம். சிங்கத்தின் மீசையை அதில் வெட்ட முடியாது.

டிடிஎஃப் இந்த இரண்டு சிக்கலையும் தாண்டுவது எப்படி என்பதை அடுக்கடுக்காகப் பார்த்தால்தான் புரியும்.

ஃபிலிம், தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்தான். அது உருக ஏறத்தாழ 250 டிகிரி வேண்டும் என்பதால் 160 டிகிரியில் அழுத்தினாலும் உருகாது. அதன் ஒரு பக்கத்தில் ஒரு பூச்சு இருக்கிறது. அதற்கு ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வேலைகள்: அச்சிடும்போது மை ஒழுகாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், துணியில் ஒட்டிய பிறகு அதே மையை முழுசாக விட்டுக்கொடுக்க வேண்டும். மை ஃபிலிமோடு தளர்வாகவும் துணியோடு இறுக்கமாகவும் உறவு கொள்ள வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். மற்றதெல்லாம் அந்த இரண்டு பிடிப்பையும் சரியாக அமைக்கும் வேலை.

அச்சு இயந்திரம் படத்தை இடவலம் மாற்றி அச்சிடும். முதலில் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. அவற்றின் மேல், படம் முழுவதையும் மூடும்படி வெள்ளை. துணியில் நேரடியாக அச்சிடும் டிடிஜி இயந்திரங்கள் வெள்ளையை முதலிலும் வண்ணத்தைப் பிறகும் போடும். இங்கே எல்லாம் தலைகீழ். ஃபிலிமைக் கவிழ்த்துத் துணியில் வைத்ததும் வெள்ளை அடியில் போய்விடும், வண்ணம் மேலே வந்துவிடும், எழுத்துகளும் நேராகிவிடும்.

மை ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் வெள்ளைப் பவுடரைத் தூவுகிறார்கள். இது டிபியூ எனப்படும், சூட்டில் உருகும் பாலியூரித்தேன் பசை. பொதுவாகப் பயன்படும் பவுடரின் துகள்கள் 80 முதல் 170 மைக்ரான் அளவில் இருக்கும். ஃபிலிமை ஆட்டித் தட்டினால் ஈர மை இருக்கும் இடத்தில் மட்டும் பவுடர் தங்கும், மீதி உதிர்ந்துவிடும். கத்தியும் கொக்கியும் செய்த வேலையை இங்கே ஈரம் செய்துவிடுகிறது. எவ்வளவு நுணுக்கமான கோடாக இருந்தாலும் பசை அந்தக் கோட்டின் மேல் மட்டுமே நிற்கும்.

பிறகு அடுப்பு. இரண்டு மூன்று நிமிடச் சூட்டில் பவுடர் உருகி மையோடு சேர்ந்து ஒரே படலமாகிறது. சரியாக வெந்த பரப்பு ஆரஞ்சுத் தோலைப் போல லேசான மேடுபள்ளத்தோடு பளபளக்கும். வேகாத பரப்பில் மாவுத் துகள்கள் வெறுங்கண்ணுக்கே தெரியும். இந்தக் கட்டத்தில் மையிலிருக்கும் தண்ணீரோடு கிளிசரினும் வெளியேற வேண்டும். மை பிரிண்டரின் நாஸில் துளைகளில் காய்ந்துபோகாமல் இருக்கச் சேர்த்த பொருள் அது. அவசரப்பட்டு அடுப்பிலிருந்து எடுத்தால் உள்ளே தங்கிய கிளிசரின் ஈரக்காற்றை உறிஞ்சி, சில நாளில் ஃபிலிம் முழுவதும் எண்ணெய்ப் பிசுக்காக வெளியே கசியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்தத் தொல்லை கூடுதல். பவுடரும் அப்போது கட்டிதட்டி, மை இல்லாத இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். கடைக்குள் காற்றின் ஈரப்பதத்தை 40 முதல் 60 சதவீதத்துக்குள் வைத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

வெள்ளை மையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த இயந்திரங்களின் பாதி நோய் அதிலிருந்தே வருகிறது. சாதாரண வண்ண மைகள் ஒளி ஊடுருவக்கூடியவை. வெள்ளைக் காகிதம் அடியில் இருந்து ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் நிறம் தெரிகிறது. கறுப்புத் துணியில் அந்தக் காகிதத்தின் வேலையை வெள்ளை மை செய்ய வேண்டும். அதற்கு டைட்டானியம் டை ஆக்சைடைவிடச் சிறந்த நிறமி இல்லை. ஆனால் அது தண்ணீரைப் போல 4 மடங்குக்கு மேல் கனமானது. இயந்திரத்தை இரண்டு நாள் சும்மா விட்டால் நிறமி அடியில் படிந்து, முடி கனத்தில்கூட இல்லாத நாஸில்களை அடைத்துவிடும். நல்ல இயந்திரங்களில் வெள்ளை மைத் தொட்டியைக் கலக்கிக்கொண்டும் குழாய் வழியே மையைச் சுற்றவிட்டுக்கொண்டும் இருக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆர்டர் இல்லாத நாளிலும் நாஸில்கள் உள்ள ஹெட்டைச் சுத்தம் செய்து, நாஸில் செக் அடித்துப் பார்ப்பது இந்தத் தொழிலில் கட்டாயம். தீபாவளி விடுமுறைக்குப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனவர்களுக்கு அதன் விலை தெரியும்.

இந்தத் தொழில் சிறு முதலீட்டுக்காரர்களின் கைக்கு வந்த விதமும் சுவையானது. எப்சன் எல்1800 என்ற ஆறு நிற ஃபோட்டோ பிரிண்டர், புகைப்படத் தாளில் அச்சிடப் பிறந்தது. அதன் துளி ஒன்றரை பிக்கோலிட்டர். ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால் வருவது ஒரு பிக்கோலிட்டர். அதன் ஹெட் மையைக் கொதிக்கவைத்துத் துப்புவதில்லை. மின்சாரம் பட்டால் வளையும் பீசோ படிகத்தால் நெட்டித் தள்ளுகிறது. அதனால் நிறமி கலந்த கனமான மையையும் அதில் ஊற்ற முடிந்தது. ஆறு வழிகளில் நான்கை வண்ணத்துக்கும் இரண்டை வெள்ளைக்கும் ஒதுக்கி, ஃபிலிம் நகர உருளைகளை மாற்றி, உலகின் பல மூலைகளில் கைவினைஞர்கள் அதை டிடிஎஃப் இயந்திரமாக்கினார்கள். இன்று இந்தத் தொழிலுக்கென்றே 60 சென்டிமீட்டர் அகல ரோலில் ஓடும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அச்சு, பவுடர், அடுப்பு மூன்றும் ஒரே வரிசையில் நடக்கும்.

ஹீட் பிரஸ் வேலை பார்ப்பதற்கு எளிது, கெடுப்பதற்கும் எளிது. ஃபிலிமை வைக்கும் முன் வெறும் பனியனை ஐந்து விநாடி அழுத்தி எடுக்கும் வழக்கம் உண்டு. சுருக்கம் போக்கத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியமான காரணம் ஈரம். உலர்ந்ததாகத் தோன்றும் பருத்தியும் தன் உலர் எடையில் ஏறத்தாழ 8.5 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்து வாங்கி வைத்திருக்கும். பாலியெஸ்டரில் அது 0.4 சதவீதம்தான். அந்த ஈரம் தட்டின் அடியில் நீராவியாகிப் படலத்தைத் தூக்கிவிட்டால் பசை இழைக்குள் இறங்காது. ஈரத்தை விரட்டிய பிறகு, பருத்திக்கு ஏறத்தாழ 150 முதல் 165 டிகிரியில் 10 முதல் 15 விநாடி. ஃபிலிமைச் சூட்டோடு உரிப்பதா, ஆறியபின் உரிப்பதா என்பது அதன் பூச்சைப் பொறுத்தது. உரித்த பிறகு மேலே ஒரு தாளை வைத்து மறுபடி சில விநாடி அழுத்துவார்கள். இந்த இரண்டாம் அழுத்தத்தைத் தவிர்க்கும் கடைகள் உண்டு. ஆனால் அந்த அழுத்தம்தான் துணியின் நெசவுக்குள் படலத்தை இன்னும் இறக்கி, செயற்கைப் பளபளப்பையும் குறைக்கும். நாலைந்து தோய்ப்பில் ஓரம் பிரிந்துவரும் பனியன்களில் பெரும்பாலும் இந்த அடுப்பு, அழுத்தப் படிகளில் எங்கோ விநாடிகளைத் திருடியிருப்பார்கள்.

கபடிப் பனியன்கள் பெரும்பாலும் பாலியெஸ்டர். அதிலும் சிவப்பு என்றால் எச்சரிக்கை வேண்டும். பாலியெஸ்டருக்குச் சாயமேற்றும் டிஸ்பர்ஸ் சாயங்கள் சப்ளிமேஷன் சாயங்களின் உறவுக்காரர்கள். சூட்டில் ஆவியாகி நகரும். பிரஸ்ஸிலிருந்து எடுத்தபோது பளிச்சென்று இருந்த வெள்ளை எழுத்து, மறுநாள் ரோஸ் நிறத்தில் நிற்கும். வெப்பநிலையைக் குறைத்து, குறைந்த சூட்டில் உருகும் பவுடரைப் பயன்படுத்துவார்கள். சாயத்தைத் தடுக்கும் கறுப்பு நிறப் பவுடரும் இதற்கென்றே விற்கிறது. ஒரு பனியனில் ஒட்டி, ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு மீதியை ஒட்டும் கடைக்காரர் நம்பத் தகுந்தவர்.

இத்தனை இருந்தும், எல்லாவற்றுக்கும் டிடிஎஃப் என்று சொல்வது வாடிக்கையாளருக்குச் செய்யும் துரோகம். படலம் எவ்வளவு மெலிந்தாலும் அது பிளாஸ்டிக் படலம். நெஞ்சு முழுக்க ஒரே பாளமாகப் படம் ஒட்டிய பனியனைச் சித்திரை வெயிலில் போட்டால் அந்த இடத்தில் வியர்வை ஆறாது. விவரம் தெரிந்த டிசைனர்கள் பாளத்தைப் புள்ளிகளாக உடைத்து, இடையில் துணி மூச்சுவிட வழி வைக்கிறார்கள். கறுப்புத் துணியில் கறுப்பை அச்சிடாமல் துணியையே நிறமாக விட்டுவிடுகிறார்கள். எண்ணிக்கை ஆயிரங்களில் போகும்போதோ, மை துணியோடு துணியாக இருக்க வேண்டும் என்னும்போதோ ஸ்கிரீன்தான் இன்றும் சரி. திருப்பூரின் ஏற்றுமதி ஆர்டர்களுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் டேபிள்கள் தேவைப்படத்தான் செய்கின்றன.

டிடிஎஃப் மாற்றியிருப்பது தொழிலின் அமைப்பை. அச்சிட்டுப் பவுடர் ஏற்றிய ஃபிலிமை உலர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். ஆகவே அச்சடிப்பவரும் ஒட்டுபவரும் ஒரே ஊரில் இருக்க வேண்டியதில்லை. பல சின்னங்களை ஒரே ஷீட்டில் இடம் வீணாகாமல் அடுக்கி, மீட்டர் கணக்கில் அச்சிட்டு வாங்கிக்கொள்கிறார்கள்; ஒரு ஹீட் பிரஸ்ஸும் கொஞ்சம் வெற்றுப் பனியனும் இருந்தால் வீட்டின் முன்னறையிலேயே கடை போடலாம். மிச்சமாகிப் பாழாகும் சரக்கும் குறைகிறது, கேட்ட பிறகுதான் ஒட்டுகிறார்கள்.

தண்ணீர்ச் செலவும் மிகக் குறைவு. நொய்யல் ஆற்றை நாசமாக்கிய சாயக்கழிவுக்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டதைக் கண்ட திருப்பூரில் இது சின்ன விஷயமல்ல. ஆனால் கழிவே இல்லை என்று விளம்பரம் செய்வது பொய். ஒவ்வொரு படத்துக்கும் அதே அளவு ஃபிலிம் குப்பையாகிறது. பூச்சும் மை மிச்சமும் இருப்பதால் அதை மறுசுழற்சிக்கு எடுப்பது கடினம். அடுப்பிலிருந்து வரும் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், பவுடர் மூச்சோடு உள்ளே போகும். புகைபோக்கியும் முகக்கவசமும் இயந்திரத்தின் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டியவை. ஜன்னல் இல்லாத அறையில் பத்து மணி நேரம் நிற்கும் பையனின் நுரையீரலுக்கு யாரும் தனியாக ரேட் போடுவதில்லை.

பனியன் வீட்டுக்கு வந்தபின் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். முதல் ஒரு நாள் தோய்க்காமல் வைத்திருந்து, பிறகு உள்புறம் வெளியே வரும்படி திருப்பிக் குளிர்ந்த தண்ணீரில் தோய்க்கலாம். துவைகல்லில் அடிப்பதும் பிரஷ் போடுவதும் கூடாது. பெரிய ஆபத்து இஸ்திரிப் பெட்டி. மின்சாரப் பெட்டியைப் பருத்திக்கான அளவில் வைத்தால் அது ஏறத்தாழ 200 டிகிரி வரை போகும். பசை மறுபடி உருக அதில் பாதிக்குச் சற்று மேல் போதும். தெருமுனை வண்டியிலிருக்கும் கரிப்பெட்டிக்குச் சூட்டைக் கட்டுப்படுத்தும் திருகே கிடையாது. கொடுக்கும்போதே பனியனைத் திருப்பிக் கொடுத்து, சின்னம் எந்த இடத்தில் இருக்கிறது என்று இஸ்திரிக்காரரிடம் தொட்டுக் காட்டிவிட வேண்டும்.